ரிங்கிட் வாங்கிய விலை: மார்த்தாண்டம் குடும்பம் ஒன்றின் நாணய மாற்றுக் கணக்கு

மார்த்தாண்டத்துக்கு அருகே வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் மனைவி, மகள், மருமகன், பேத்தி ஆகியோருடன் முதலில் சிங்கப்பூருக்கும் அங்கிருந்து கோலாலம்பூருக்கும் சென்று திரும்பினார். பயண முகவரின் தொகுப்புச் சுற்றுலாவாக அல்லாமல், விமானச் சீட்டு, விடுதி, ஊர் சுற்றும் வண்டி என அனைத்தையும் குடும்பத்தாரே தனித்தனியாக ஏற்பாடு செய்துகொண்ட பயணம் அது. அதனால் வெளிநாட்டுப் பணத்தை எங்கே, எப்போது, எந்த வடிவில் வாங்குவது என்ற முடிவும் முழுக்க அவர்கள் கையிலேயே இருந்தது. அந்த முடிவுகள் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் கொடுத்த விலை என்ன என்பதே இந்த ஆய்வின் பொருள்.

ஆசிரியர் என்னிடம் வந்தது வேறொரு கேள்வியோடு. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய ஆண்டுதோறும் வருகிறவர், இம்முறை நெகிழி உறை ஒன்றில் பத்துப் பன்னிரண்டு ரசீதுகளையும் ஒரு நீளவாக்கு நோட்டையும் கொண்டுவந்து வைத்து, வெளிநாட்டுப் பணம் வாங்கியபோது டிசிஎஸ் (விற்பவரே வாங்குபவரிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் முன்வரி) பிடித்திருந்தால் அதைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டார். அப்படி எதுவும் பிடிக்கப்படவில்லை. 2025 ஏப்ரல் 1 முதல், இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுச் செலவுக்குப் பணம் பெற வழிசெய்யும் ரிசர்வ் வங்கியின் தளர்த்தப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின் (எல்ஆர்எஸ்) கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை பெறும் வெளிநாட்டுப் பணத்துக்கு இந்த வரி பிடிக்கப்படுவதில்லை. அதற்கு முன் அந்த வரம்பு 7 லட்சம். இவர்கள் செலவு அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. அவர் கேள்விக்கு விடை அவ்வளவுதான். ஆனால் அந்த நோட்டைப் புரட்டியபோது, வரியாகப் போகாத பணம் வேறு வழிகளில் போயிருப்பது தெரிந்தது. ஐந்து ரூபாய் தேநீரையும் விடாமல் எழுதும் பழக்கமுள்ளவர் அவர் என்பதால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொடுத்த ரூபாயும் கையில் கிடைத்த வெளிநாட்டுப் பணமும் நேருக்கு நேர் எழுதப்பட்டிருந்தன. குடும்பத்தாரின் ஒப்புதலோடு, பெயர்களும் கடைகளும் வங்கிகளும் தெரியாதபடி அதை இங்கே தருகிறேன்.

ஒரு முன்குறிப்பு அவசியம். நாணய விலை நாள்தோறும், ஏன், மணிக்கு மணியும் மாறுவது. எனவே ஒப்பிடுவதற்கு வசதியாக எல்லா எண்களையும் உருட்டி, சிங்கப்பூர் டாலரின் நடு விலை 70 ரூபாய் என்றும், மலேசிய ரிங்கிட்டின் நடு விலை 20 ரூபாய் என்றும், அமெரிக்க டாலரின் நடு விலை 90 ரூபாய் என்றும் வைத்து, இழப்பின் விகிதம் மாறாதபடி கணக்கைத் திருத்தி எழுதியிருக்கிறேன். நடு விலை என்பது வங்கிகள் தங்களுக்குள் பெருந்தொகையாக வாங்கி விற்கும் விலைகளின் மையம். கைப்பேசியில் தேடினால் திரையில் தெரிவது பெரும்பாலும் அதுதான். அந்த விலையில் தனி ஆள் எவருக்கும் நோட்டு கிடைக்காது. கிடைக்காது என்றாலும், கடைக்காரர் நம்மிடம் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார் என்பதை அளக்க அதைவிட நேர்மையான அளவுகோல் வேறில்லை.

மார்த்தாண்டத்தில் இரண்டு கடைகள்

சிங்கப்பூரில் செலவு செய்யக் கைப்பணமாக 1,000 டாலர் வேண்டும் என்று ஆசிரியர் கணக்கிட்டிருந்தார். ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற இரண்டு கடைகளில் விசாரித்தார். முதல் கடை ஒரு டாலருக்கு 70.60 ரூபாய் சொன்னது. இரண்டாவது கடை 71.20 சொன்னது. அறுபது காசு வித்தியாசம் என்றால் ஆயிரம் டாலருக்கு 600 ரூபாய். எனவே முதல் கடைதான் மலிவு என்று எவரும் சொல்லிவிடுவர். ஆசிரியரும் அப்படித்தான் நினைத்து, பில் போடச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். ஆனால் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன், "எல்லாம் சேர்த்து நான் கட்ட வேண்டியது எவ்வளவு?" என்று கேட்டார். அவர் கேட்ட கேள்விகளிலேயே பயன் மிகுந்தது இதுதான்.

முதல் கடையில் 70,600 ரூபாயோடு சேவைக் கட்டணம் 500, அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டியாக 90, நாணய மாற்றத்துக்கான ஜிஎஸ்டியாக 127 என மொத்தம் 71,317 ரூபாய் வந்தது. இரண்டாவது கடையில் சேவைக் கட்டணம் கிடையாது. 71,200 ரூபாயோடு ஜிஎஸ்டி 128 மட்டும் சேர்ந்து 71,328 ரூபாய். அறுபது காசு வித்தியாசமாகத் தெரிந்தது, கடைசியில் பதினோரு ரூபாயாகச் சுருங்கிவிட்டது. தொகை 500 டாலராக இருந்திருந்தால் கணக்கு தலைகீழாகியிருக்கும்: முதல் கடையில் 35,954, இரண்டாவது கடையில் 35,664. நிலைக்கட்டணம் வாங்கும் கடையில் தொகை சிறுக்கச் சிறுக்க உண்மையான விலை ஏறும் என்பது, பலகையில் எழுதிய விலையை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படுவதில்லை. மொத்தமாகக் கட்டும் ரூபாயைக் கையில் வாங்கும் வெளிநாட்டுப் பணத்தால் வகுத்து வரும் எண் ஒன்றை மட்டுமே கடைக்குக் கடை ஒப்பிட வேண்டும்.

நாணய மாற்றத்துக்கான ஜிஎஸ்டி பற்றி அச்சப்படத் தேவையில்லை. மாற்றும் முழுத் தொகைக்கும் 18 சதவீதம் என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். பெரும்பாலான கடைகள் பின்பற்றும் முறைப்படி, 1 லட்சம் ரூபாய் வரை தொகையின் 1 சதவீதம், குறைந்தது 250 ரூபாய், சேவையின் மதிப்பாகக் கொள்ளப்படுகிறது. 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 1,000 ரூபாயோடு மிகுதித் தொகையின் அரை சதவீதம் சேர்கிறது. வரி அந்த மதிப்பின் மீதுதான். ஆகவே 25,000 ரூபாய்க்குள் எவ்வளவு மாற்றினாலும் 45 ரூபாய்; ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். ஒரே நாளில் வாங்க வேண்டியதைப் பத்தாயிரம் பத்தாயிரமாகப் பிரித்து வாங்குகிறவர் ஒவ்வொரு முறையும் அந்த 45 ரூபாயைக் கட்டுவார் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

ஆசிரியர் இரண்டாவது கடையிலேயே வாங்கினார். பதினோரு ரூபாய் கூடுதல் என்றாலும், அங்கே 50 டாலர் நோட்டுகளோடு 10 டாலர் நோட்டுகளையும் கலந்து கொடுத்தார்கள் என்பதே காரணம். இறங்கியதும் டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் சில்லறை வேண்டும் அல்லவா? 50,000 ரூபாய்க்கு மேல் என்பதால் பணமாகக் கொடுக்காமல் வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தினார், விதி அது. நடு விலையோடு ஒப்பிட்டால் இழப்பு 1,328 ரூபாய், அதாவது 1.9 சதவீதம். நம் ஊர்ப்பக்கம் சிங்கப்பூர் நோட்டுக்கு இது மோசமில்லை.

மகளும் மருமகனும் நாகர்கோவிலில் உள்ள தங்கள் வங்கிக் கிளையில் பயண அட்டை ஒன்றை வாங்கி அதில் 1,500 சிங்கப்பூர் டாலர் ஏற்றினார்கள். விலை 71.00, ஜிஎஸ்டியும் அட்டைக் கட்டணமும் சேர்த்து 1,07,040 ரூபாய். இழப்பு 2,040 ரூபாய், இதுவும் ஏறத்தாழ 1.9 சதவீதம். அட்டையில் ஏற்றும் விலை நோட்டு விலையைவிடப் பொதுவாகக் குறைவாக இருக்கும். நோட்டைக் கப்பலேற்றி, காவல் வைத்து, பெட்டியில் பூட்டி வைக்கும் செலவு அட்டைக்கு இல்லை. இங்கே அட்டைக் கட்டணம் அந்த ஆதாயத்தைச் சாப்பிட்டுவிட்டது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி கேட்டிருக்கலாம், அவர்கள் கேட்கவில்லை. இந்த அட்டையில் ரிங்கிட் ஏற்ற வழியில்லை என்பதையும், அதைக் கொண்டு மலேசியாவில் செலவு செய்தால் டாலரிலிருந்து ரிங்கிட்டுக்கு மாற்றத் தனியாக 2 சதவீதம் பிடிப்பார்கள் என்பதையும் பிறகுதான் படித்தார்கள்.

ரிங்கிட் தேடிய கதை

சிக்கல் தொடங்கியது ரிங்கிட்டில். மார்த்தாண்டத்துக் கடையில் கேட்டபோது, கடைக்காரர் சொன்ன பதிலை ஆசிரியர் அப்படியே நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்: "திர்ஹம்ணா இப்பவே எண்ணித் தாறேன் சாறே. ரிங்கிட்டுக்கு ரெண்டு நாள் பொறுக்கணும், விலையும் கூடும்." விலை 21.50. அதாவது நடு விலையைவிட ஏழரை சதவீதம் அதிகம். புறப்பட ஒரு நாளே இருந்ததால் அதுவும் நடக்கவில்லை.

விமான நிலையத்துக்குள் நுழைந்து, பாதுகாப்புச் சோதனையெல்லாம் முடித்து வந்தபோது, ஒளிரும் பலகையில் "கமிஷன் இல்லை" என்று பெரிதாக எழுதிய கவுன்டர் ஒன்று கண்ணில் பட்டது. வெளிநாட்டில் இறங்கும்போது அந்த நாட்டுப் பணம் கையில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற பயம் ஆசிரியரின் மனைவிக்கு. கமிஷன் இல்லையே என்ற ஆறுதல் மருமகனுக்கு. அங்கே 1,500 ரிங்கிட் வாங்கினார்கள். விலை 22.60, ஜிஎஸ்டி 61 ரூபாய், மொத்தம் 33,961 ரூபாய். கமிஷன் என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்கப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் நடு விலைக்கு அந்த ரிங்கிட்டின் மதிப்பு 30,000 ரூபாய். மிச்சம் 3,961 ரூபாய், 13 சதவீதத்துக்கும் மேல், விலைக்குள்ளேயே ஒளிந்திருந்தது. கமிஷன் இல்லை என்ற அறிவிப்பைப் பார்த்தால் நான் முதலில் இரு விலைகளுக்கும் இடையிலான தூரத்தைத்தான் பார்ப்பேன். அந்தப் பலகையில் ரிங்கிட்டை வாங்கும் விலை 16 ரூபாய் சொச்சமாகவும், விற்கும் விலை 22.60 ஆகவும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே ஆறு ரூபாய் இடைவெளி கிடக்கும்போது கமிஷன் எதற்கு?

இதே நிலையில் செய்திருக்க வேண்டியது என்ன என்று கேட்டால், பலருக்கு நம்பிக்கை வராத ஒரு விடையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: ரூபாயைச் சிங்கப்பூர் டாலராகவும், சிங்கப்பூர் டாலரைக் கோலாலம்பூர் போய் ரிங்கிட்டாகவும், இரண்டு முறை மாற்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் கடைக்காரர் லாபம் எடுப்பார் என்பதால், இரண்டு முறை மாற்றினால் இரட்டை நஷ்டம் என்று நம்மிடையே ஒரு எண்ணம் உறுதியாக இருக்கிறது. இரண்டு கடைகளும் ஒரே அளவு லாபம் எடுத்தால் அது சரி. இங்கே அப்படி இல்லை. நடு விலைப்படி ஒரு சிங்கப்பூர் டாலருக்கு 3.50 ரிங்கிட் வர வேண்டும். கோலாலம்பூரில் அவர்கள் பின்னர் ஒரு சிறு தொகையை மாற்றிய கடையில் 3.47 கிடைத்தது, இழப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்த விலையில் 1,500 ரிங்கிட் பெற 432 டாலரும் சொச்சமும் போதும். மார்த்தாண்டத்தில் எல்லாம் உட்பட ஒரு டாலர் 71.33 ரூபாய்க்கு வாங்கியதாகக் கொண்டால், அந்த 1,500 ரிங்கிட்டுக்கான செலவு 30,834 ரூபாய். விமான நிலையக் கவுன்டரைவிட 3,127 ரூபாய் குறைவு. ஊரில் இரண்டு நாள் பொறுத்து வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் 32,308 ரூபாயைவிடவும் குறைவு.

காரணம் நோட்டுகள் எங்கிருந்து வருகின்றன என்பதில் இருக்கிறது. பணம் மாற்றும் கடைக்கு வெளிநாட்டு நோட்டு ஒரு சரக்கு. அதை ஊரிலேயே யாரேனும் கொண்டுவந்து விற்றால் மலிவாகக் கிடைக்கும். வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டுமானால் அந்தச் செலவும், விற்காமல் தங்கிவிட்டால் வரும் இழப்பும் விலையில் ஏறும். குமரி மாவட்டத்தில், குறிப்பாக விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில், வளைகுடாவில் வேலை செய்கிறவர் இல்லாத தெரு அரிது. விடுமுறைக்கு வருகிறவர்கள் திர்ஹமும் ரியாலும் தினாரும் கொண்டுவந்து விற்கிறார்கள். புதிதாகப் போகிறவர்கள் அதே கடையில் அதே நோட்டுகளை வாங்குகிறார்கள். அன்று மார்த்தாண்டத்துக் கடைப் பலகையில் திர்ஹத்தை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே 50 காசுதான் இருந்தது. அதே பலகையில் ரிங்கிட்டுக்கு நாலரை ரூபாய். ரிங்கிட்டின் நடு விலை திர்ஹத்தைவிடக் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் பெரிது. கோலாலம்பூரில் நிலைமை நேர் எதிர். பக்கத்து நாட்டு டாலர் அங்கே அன்றாடம் புழங்கும் நோட்டு. மஸ்ஜித் இந்தியா சாலையிலும் மிட் வேலி வணிக வளாகத்திலும் கடைக்கு அடுத்தடுத்த கடை போட்டியிட்டு விலை சொல்கிறது. சிங்கப்பூரிலும் அப்படித்தான்: லிட்டில் இந்தியாவில் முஸ்தபா மையத்தை ஒட்டிய கவுன்டர்களும், ராஃபிள்ஸ் பிளேஸில் ஆர்கேட் கட்டடத்தில் உள்ள கடைகளும் நல்ல விலைக்குப் பெயர் பெற்றவை. ரிங்கிட்டுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. 1998 நெருக்கடிக்குப் பிறகு மலேசியா தன் நாணயத்தை நாட்டுக்கு வெளியே தாராளமாக வணிகம் செய்ய விடுவதில்லை. நாட்டுக்கு வெளியே அதன் விலை எங்கும் சற்று விறைப்பாக இருப்பதில் வியப்பில்லை.

பக்கத்து நாடு வழியில் இல்லாத பயணங்களுக்கு அந்த இடைத்தரகர் வேலையை அமெரிக்க டாலர் செய்யும். அப்போது கறையோ மடிப்புக் கிழிசலோ பேனாக் கிறுக்கலோ இல்லாத 100 டாலர் நோட்டுகளாகப் பார்த்து வாங்க வேண்டும். பல நாடுகளில் சிறு நோட்டுகளுக்குக் குறைந்த விலைதான் கிடைக்கும். கிறுக்கிய நோட்டைத் தொடவே மாட்டார்கள். கைப்பணமாகக் கொண்டுபோகும் தொகைக்கு ஒரு வரம்பு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது: பெரும்பாலான நாடுகளுக்கு ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலருக்கு ஈடான நோட்டுகளே வாங்கலாம்; மீதியை அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம்.

இரண்டு நாணயங்களுக்கு நடுவே கணக்குப் போடுவது நம் மாவட்டத்துக்குப் புதிதுமில்லை. 1956 நவம்பர் 1-இல் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணையும் வரை திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கம் இருந்த இந்த மண்ணில், திருவிதாங்கூர் காலத்தில் சக்கரம், பணம், காசு என்ற பெயர்களில் தனி நாணயங்கள் புழங்கின. திருவிதாங்கூர் சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம்; ஆனால் பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். ஆரல்வாய்மொழி தாண்டி நெல்லைச் சீமைக்குப் போய்வந்த வியாபாரிகள் அந்த அரைச் சக்கரத்தைக் கணக்கில் விட்டால் பிழைத்திருக்க முடியாது.

கோலாலம்பூர் விடுதியின் பில்

ரிங்கிட் நோட்டைவிடப் பெரிய இழப்பு, நோட்டே இல்லாத இடத்தில் நேர்ந்தது. விடுதியின் பில் 2,400 ரிங்கிட். மருமகன் தம் கடன் அட்டையைக் கொடுத்தார். வரவேற்பறைப் பணியாளர் இயந்திரத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தபோது, திரையில் இரண்டு தெரிவுகள் இருந்தன: மேலே 51,600 இந்திய ரூபாய், கீழே 2,400 ரிங்கிட். ரூபாயில் எவ்வளவு போகும் என்பது கையோடு தெரிந்துவிடுகிறதே என்று அவர் மேலே உள்ளதைத் தொட்டார். ஊருக்கு ஊர் எத்தனையோ பேர் இதைத்தான் தொடுகிறார்கள். இயந்திரத்தின் திரையும் அதைத் தொடத் தூண்டும்படியே அமைக்கப்பட்டிருக்கிறது.

அந்த இடத்தில் ரூபாயாக மாற்றுவது நம் வங்கி அல்ல. விடுதியின் சார்பில் பணம் வசூலிக்கும் வங்கியும் அதற்கு வசதி செய்து தரும் நிறுவனமும்தான். அவர்கள் வைத்த விலை ரிங்கிட்டுக்கு 21.50. நடு விலைப்படி 48,000 ரூபாயாக இருக்க வேண்டியது 51,600 ஆனது. அதோடும் முடியவில்லை. வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் கட்டும் தொகைக்கும் 1 சதவீதக் கட்டணம் விதிக்கும் வங்கிகள் நம் நாட்டில் சில உண்டு. மருமகனின் வங்கி அவற்றில் ஒன்று. அந்தக் கட்டணமும் அதன் ஜிஎஸ்டியும் சேர்ந்து 609 ரூபாய் அடுத்த மாதப் பட்டியலில் வந்தது. மொத்தம் 52,209, இழப்பு 4,209 ரூபாய்.

கீழே உள்ளதைத் தொட்டிருந்தால்? விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை வலையமைப்பின் விலை நடு விலைக்கு மிக அருகில் இருக்கும், 20.10 என்று வைத்தால் 48,240. அதன் மேல் வங்கி பிடிக்கும் மாற்றுக் கட்டணம் பல அட்டைகளில் 3.5 சதவீதம்; அதற்கு ஜிஎஸ்டி சேர்த்தால் 4.13 சதவீதம் ஆகும். மொத்தம் 50,232. நல்ல விலை என்று இதையும் சொல்ல மாட்டேன்; ஆனாலும் தொட்ட விரலின் இடம் மாறியிருந்தால் மட்டும் 1,977 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

இதில் மனத்தை உறுத்தும் செய்தி வேறொன்று. மகளின் கைப்பையில், வெளிநாட்டுச் செலவுக்கு மாற்றுக் கட்டணமே விதிக்காத அட்டை ஒன்று இருந்தது. அந்த வசதிக்காகவே சில மாதங்களுக்கு முன் வாங்கியது. ஆனால் 2020 முதல் ரிசர்வ் வங்கியின் ஏற்பாட்டின்படி புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து கொடுக்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே செயலியில் சென்று இயக்க வேண்டும். அதை அவர் ஊரில் செய்யவில்லை. கோலாலம்பூரில் செய்ய முயன்றபோது, இந்திய சிம்மைக் கழற்றிவிட்டு உள்ளூர் சிம்மைப் போட்டிருந்ததால் ஓடிபி வரவில்லை. கழற்றிய சிம், கம்மலோடு சேர்த்து ஒரு சிறு டப்பியில் பெரிய பெட்டிக்குள் இருந்தது. வரவேற்பறையில் நின்றுகொண்டு பெட்டியைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த அட்டை வேலை செய்திருந்தால் பில் 48,240 ரூபாயில் முடிந்திருக்கும்.

கைப்பேசியில் ஸ்கேன் செய்து கட்டிவிடலாம் என்று மருமகன் எண்ணியிருந்ததும் பெரிதாக உதவவில்லை. யுபிஐ-க்கும் சிங்கப்பூரின் பேநவ் என்ற பணப்பரிமாற்ற வசதிக்கும் இடையே 2023 பிப்ரவரியில் இணைப்பு ஏற்பட்டது உண்மை. அது ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் பணம் அனுப்புவதற்கான வழி. அதை நம்பி, எந்தக் கடையிலும் நம் ஊர்ப் பெட்டிக்கடையைப் போல் நீட்டிக் கட்டலாம் என்று கிளம்பக் கூடாது.

திரும்பி வந்த நோட்டுகள்

வீடு திரும்பியபோது 380 ரிங்கிட்டும் சில சிங்கப்பூர் டாலர் நோட்டுகளும் மிஞ்சியிருந்தன. ரிங்கிட்டை ஊர்க் கடையில் விற்றார்கள். கடையின் வாங்கும் விலை 17 ரூபாய். 6,460 ரூபாயில் ஜிஎஸ்டி 45 போக 6,415 கையில் வந்தது. விமான நிலையத்தில் இதே 380 ரிங்கிட்டுக்குக் கொடுத்தது 8,603 ரூபாய். செலவே செய்யாத பணத்தில் நாலில் ஒரு பங்கு, போகவும் வரவும் இரண்டு கவுன்டர்களைத் தொட்டதில் மட்டும் கரைந்துவிட்டது. கோலாலம்பூரில் கடைசி நாள் சாப்பாட்டை அட்டையில் கட்டாமல் இந்த நோட்டுகளில் கட்டியிருந்தால், ஆசிரியரின் கணக்கு நோட்டில் இந்த இழப்பே வந்திருக்காது.

சிங்கப்பூர் டாலரை விற்க வேண்டாம் என்று நான் சொன்னேன். பயணம் முடிந்து 180 நாளுக்குள் மிச்சப் பணத்தை ஒப்படைக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் 2,000 அமெரிக்க டாலருக்கு ஈடான நோட்டுகள் வரை ஒருவர் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம், நாணயங்களுக்கு வரம்பே இல்லை. அடுத்த ஆண்டு மகள் மீண்டும் போகும் எண்ணம் இருக்கும்போது, விற்று மறுபடி வாங்கி இரண்டு முறை இழப்பானேன்? பக்கத்து வீட்டுப் பையன் சிங்கப்பூர் போகிறான், அவனுக்கே கொடுத்துவிடலாமா என்றும் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். உரிமம் பெறாதவரோடு அன்னியச் செலாவணியை வாங்குவதும் விற்பதும் 1999-ஆம் ஆண்டு அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி தடை செய்யப்பட்டது. நம் பகுதியில் இது பலர் வீட்டுத் திண்ணையில் சர்வசாதாரணமாக நடக்கிறது. குழல்பணம் (ஹவாலாப் பணம்) கொண்டுவருகிறவரிடமே திர்ஹம் வாங்குகிறவர்களும் உண்டு. கடையைவிட இருபது காசு குறைவாகக் கிடைக்கும். ரசீது கிடைக்காது, நோட்டு கள்ளநோட்டானால் கேட்க ஆளும் கிடைக்காது.

கூட்டல்

நான்கு இடங்களில் இவர்கள் பெற்ற அல்லது செலவிட்ட வெளிநாட்டுப் பணத்தின் நடு விலை மதிப்பு 2,53,000 ரூபாய். அதற்கு மேல் கொடுத்தது 11,538 ரூபாய். ஏறத்தாழ நாலரை சதவீதம். இதில் மார்த்தாண்டத்துக் கடையும் நாகர்கோவில் வங்கியும் சேர்ந்து எடுத்தது 3,368 மட்டும். மீதி 8,170 ரூபாய், விமான நிலையக் கவுன்டரிலும் விடுதி இயந்திரத்திலும் போனது. அந்த இரண்டு இடங்களிலும் புரண்ட பணம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இழப்பிலோ பத்தில் ஏழு பங்கு அவற்றுடையது. ரிங்கிட்டைச் சிங்கப்பூர் டாலர் வழியாக மாற்றி, விடுதியில் மகளின் அட்டையை நீட்டியிருந்தால் மொத்த இழப்பு 4,442 ரூபாயில் நின்றிருக்கும்.

மார்த்தாண்டத்தில் ஐந்து காசுக்கும் பத்துக் காசுக்கும் பேரம் பேசிய ஆசிரியருக்கு இந்தக் கூட்டல் பிடிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஊர்க் கடையில் பேசிய பேரம் வீண் என்று நான் கருதவில்லை. அங்கே அவர் நிதானமாக இருந்தார், இரண்டாவது கடை நடந்து போகும் தூரத்தில் இருந்தது, மொத்தத் தொகை எவ்வளவு என்று கேட்க நேரம் இருந்தது. இழப்பு பெருகிய இரண்டு இடங்களிலும் வேறு கடை இல்லை, பின்னால் வரிசை நின்றது, பேத்தி தூக்கத்துக்கு அழுதாள்.

இந்த ஆய்வு முடியும் நேரத்தில் அடுத்த பயணப் பேச்சும் தொடங்கிவிட்டது: மஸ்கட்டில் வேலை செய்யும் மகனைப் பார்க்கப் போகிறார்கள். ஒமான் ரியாலின் விலை நியாயமா என்று பார்ப்பது ரிங்கிட்டைவிட எளிது. வளைகுடா நாணயங்கள் பல அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டவை. ஒரு டாலருக்கு ஒமான் ரியால் 0.3845, திர்ஹம் 3.6725, சவுதி ரியால் 3.75. டாலர் 90 ரூபாய் என்றால் திர்ஹத்தின் நடு விலை 24.51, சவுதி ரியாலுக்கு 24.00, ஒமான் ரியாலுக்கு 234.07. ஆசிரியர் அந்த மூன்று எண்களையும் நோட்டின் உள்ளட்டையில் எழுதிக்கொண்டார். மறுவாரம் கடையில் ஒமான் ரியாலுக்கு எல்லாம் உட்பட 238 ரூபாய் கேட்டார்கள், 1.7 சதவீதம் கூடுதல் என்று அங்கேயே வகுத்துப் பார்த்துவிட்டு, முதல் சில நாள் செலவுக்கு மட்டும் வாங்கி வந்திருக்கிறார். மகளின் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் இயக்கியாகிவிட்டது.